பத்தியம் எத்தனை நாளைக்கு

என் கைப்பையில் ஓர் அட்டை இருக்கிறது.
ஒரு பக்கம் ஜெர்மன், மறுபக்கம் பிரெஞ்சு.
பீல் நகரில் இரண்டும் வேண்டும்,
தெருப் பெயரையே இரண்டு தடவை எழுதும் ஊர்.
கோதுமை கூடாது, பார்லி கூடாது, ரை கூடாது,
அவை தொட்ட பலகையும் எண்ணெயும் கூடாது என்று
நானே எழுதி, தபாலகத்துக்கு எதிர்க்கடையில்
பிளாஸ்டிக் உறை போட்டது.

அதை வாசிக்கிற விதத்தில் தெரிந்துவிடும்
இருப்பதா, எழுந்து போவதா என்று.
சிரித்துக்கொண்டே "பிரச்சினை இல்லை" என்பவனை நம்பக்கூடாது.
முகம் சுருங்கி, உள்ளே போய், திரும்பி வந்து
"ரோஸ்டி வேண்டாம்,
அந்தச் சட்டியில் மத்தியானம் ஷ்னிட்செல் பொரித்தார்கள்" என்பவளுக்கு
ஐந்து பிராங்க் கூடுதலாக வைப்பேன்.

பகலில் எனக்குக் கடிகாரப் பட்டறையில் வேலை.
கண்ணில் குழாய்க் கண்ணாடி, கையில் சாமணம்.
ஒரு தூசி போதும்,
எங்கோ தெரியாத நாட்டில்
ஒரு மணிக்கட்டில் நேரம் நின்றுபோகும்.
அதனால் டாக்டர் "ஒரு துணுக்குகூட" என்றபோது
நான் ஏன் என்று கேட்கவில்லை.

மார்கழியில் எங்கள் பிரிவுக்கு ஃபொண்டூ விருந்து.
ஏரிக்கரை உணவகம், மேசை நடுவே ஒரே சட்டி,
பதினோரு முள்கரண்டி, பதினோரு ரொட்டித் துண்டு.
துண்டைச் சட்டிக்குள் தவறவிட்டவர்
எல்லோருக்கும் வைன் வாங்க வேண்டும்.
எனக்கு மேசை ஓரத்தில் தனிச் சட்டி,
உள்ளங்கை அளவு அடுப்பு, அவித்த உருளைக்கிழங்கு.
மதாம் ஜான்ரே மூன்று தரம் கேட்டாள், நன்றாக இருக்கிறதா என்று.
நன்றாகத்தான் இருந்தது.
ஆனால் நான் எதைத் தவறவிட்டாலும்
வைன் கேட்க ஆளில்லை.

அடுத்த வெள்ளி
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
சிவகடாட்சத்தின் கடைக்குப் போனேன்.
அட்டையை வெளியே எடுக்கவில்லை.
நம்முடைய சாப்பாடு, அரிசிதானே.

"இடியப்பம்?"
"அரிசி மாவோட கொஞ்சம் அவிச்ச கோதம்ப மா, தங்கச்சி.
அப்பதான் மெத்தெண்டு வரும்."
"புட்டு?"
"அதுவும்."
"தோசை?"
"அதுக்கும் ஒரு சிறங்கை."

எனக்கு வாய் வரவில்லை.
இரண்டு மொழியில் அச்சடித்து வைத்திருந்த விஷயத்துக்கு
மூன்றாவதில், எனக்கு முதலாவதில், சொல் இல்லை.
ஒத்துவராது என்றால்
கொஞ்சமாய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ என்பார்கள்.
"பத்தியம்" என்றேன்.
அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.
"எத்தனை நாளைக்கு?"
"சாகும்வரைக்கும்."

பிறகு அவரே சாம்பாரைச் சந்தேகப்பட்டு
பெருங்காய டப்பாவை எடுத்துவந்தார்.
எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து.
என் குழாய்க் கண்ணாடியைக் கொடுத்தேன்.
கண்ணில் செருகி, டப்பாவை ஒரு சுற்றுச் சுற்றி,
"அட, இதுக்குள்ளயுமோ" என்றார்.
பத்தொன்பது வருடம் அவர் கை போட்ட பெருங்காயம்.

சோறு வந்தது, தயிர் வந்தது,
மோர்மிளகாய் பாதி வழி வந்து திரும்பிப் போனது:
"ரோல்ஸ் பொரிச்ச எண்ணெய்."

இப்போது அடுப்புக்கு மேலே
ஒரு சின்னச் சட்டி தொங்குகிறது, கைப்பிடியில் சிவப்பு நூல்.
சமையல் பெடியன் நிரோஜன்
ஒருநாள் அதில் பரோட்டா சூடாக்கப்போய்
வாங்கிய ஏச்சு தெருவரை கேட்டதாம்.
பழைய சட்டியை எறிந்து புதுச் சட்டி, புது நூல்.

ஆனாலும் நான் கேட்கிறேன், ஒவ்வொரு வெள்ளியும்.
அவர் முகம் சுருங்குகிறது, ஒவ்வொரு வெள்ளியும்.
"கரண்டி?"
"கரண்டியும்தான், தங்கச்சி. இருங்கோ."